வணிகமும் முகப்படமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். திருவள்ளுவரும் குறிப்பறிதல் அதிகாரத்தில் பளிங்கை உவமை காட்டி, நெஞ்சில் மிகுந்ததை முகம் வெளிப்படுத்திவிடும் என்கிறார். கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் முகம் பார்ப்பது நம் மக்களின் இயல்பு. கடன் கேட்டு வந்தவரின் முகத்தை முதலாளி பார்ப்பார். சரக்கைப் புரட்டிக்கொண்டே கடைக்காரரின் முகத்தை வாங்குபவர் பார்ப்பார். முகம் தெரியாத ஆளிடம் பணத்தைக் கொடுக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. ஆனால் இன்றோ, விற்பவர் ஓரூரிலும் வாங்குபவர் வேறூரிலுமாக இருந்துகொண்டு கைப்பேசியிலேயே பேசி முடித்துப் பணத்தையும் அனுப்பிவிடுகின்றனர். அங்கே முகத்துக்குப் பதிலாக நிற்பது கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு சிறு படம். வணிகவியல் மாணவர்களாகிய நாம் விளம்பரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். இந்தச் சிறு படத்தைப் பற்றி ஒரு வரியும் படிப்பதில்லை. ஆகவே இதனை எழுதத் துணிந்தேன்.

நான் ஆரணியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவன். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள எங்கள் ஊரைப் பட்டாலும் அரிசியாலும் யாவரும் அறிவர். ஆரணிப் பட்டை அறிந்தவர்க்கும் அதை நெய்தவரைத் தெரியாது. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளர் வீட்டிலுள்ளோர் அனைவரும் உழைத்துச் சேலையாக்கிக் கொடுத்துக் கூலி பெறுவர். சேலை நகரத்துக் கடைக்குச் சென்று அந்தக் கடையின் பெயரைத் தாங்கி நிற்கும். வழியில் எங்கோ நெய்தவரின் முகம் உதிர்ந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளரின் முகம் வாழ்நாளில் எத்தனை முறை படமாகிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். திருமணத்தில் ஒருமுறை. வாக்காளர் அடையாள அட்டைக்கு ஒருமுறை, 1993-இல் டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வந்த ஏற்பாடு இது. அந்த அட்டையில் தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்காதவர் குறைவு. பிறகு ஆதார், நெசவாளர் அடையாள அட்டை. கடைசியாகத் தெருமுனையில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அவர் முகம் ஆளுயரத்துக்குப் பெரிதாவது அந்த ஒருமுறைதான். அதுவும் ஏதோ ஒரு திருமணக் கூட்டுப்படத்திலிருந்து வெட்டியெடுத்த மங்கலான முகமாக இருக்கும். போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய தலைமுறை போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை போலும்.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார், சொந்தமாகப் பாவு வாங்கி நெய்த சில சேலைகளை நேரே விற்க முயன்றார். தங்கைதான் கைப்பேசியில் எல்லாம் அமைத்துத் தந்தாள். முகப்புப் படமாக ஒரு மயிலை வைத்தாள். சேலைப் படங்களைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் விலை கேட்டார், நிறம் கேட்டார், எல்லாம் பேசி முடிந்தபின், "நீங்கள் நெசவாளர்தானா, இல்லை யாராவது படத்தை எடுத்துப்போட்டு விற்கிறீர்களா?" என்றார். தந்தையார் எவ்வளவு சொல்லியும் பேச்சு அத்துடன் நின்றது. அந்த அம்மையாரைக் குறை சொல்வதற்கில்லை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கும் காலம் இது. மயிலை நம்பி யார் பணம் அனுப்புவார்?

படம் வணிகத்துக்கு வந்த கதை

புகைப்படக் கலை 1839-இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு படத்துக்கு ஆன செலவு சாமானியரால் தாங்கக்கூடியதன்று. 1854-இல் திஸ்தேரி என்னும் பாரிஸ் புகைப்படக்காரர், ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முகவரிச் சீட்டின் அளவில் அட்டையில் ஒட்டித் தரப்பட்ட அப்படங்களை மக்கள் ஒருவர்க்கொருவர் கொடுத்து மகிழ்ந்தனர். நம் சென்னையில் 1856-இலேயே புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. பின்னர் வீலே அண்ட் க்ளைன், ஜி. கே. வேல் போன்ற நிலையங்கள் மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்றன. ஜமீன்தார்களும் வக்கீல்களும் வணிகர்களும் அங்கே சென்று, ஒரு கையை மேசைமேல் ஊன்றி, பின்னால் தீட்டிய திரையுடன் படமாயினர்.

முகத்தைச் சரக்கின்மேலேயே அச்சிட்டவர்களும் உண்டு. சவரக்கத்தி செய்த அமெரிக்கர் கிங் ஜில்லெட் தம் மீசை முகத்தைப் பிளேடு உறையில் போட்டார். சியால்கோட்டிலிருந்து நாட்டுப் பிரிவினையின்போது தில்லிக்கு வந்து மசாலா வணிகம் செய்த தரம்பால் குலாட்டியின் தலைப்பாகை முகம், அவர் 2020-இல் மறையும் வரை எம். டி. எச். பொட்டலங்களின் அடையாளமாக இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு எச். வசந்தகுமாரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தோன்றவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தில் பிறந்து, வி. ஜி. பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, 1978-இல் சென்னையில் சொந்தக் கடை தொடங்கியவர். நடிகர்களின் முகம் சரக்கை விற்கும் என்று எல்லாரும் நம்பிய நாட்டில், வாய் நிறையச் சிரிக்கும் தம் முகத்தையே விளம்பரத்தில் வைத்தார். தவணையில் பொருள் வாங்கும் எளிய குடும்பத்துக்கு, "இவர்தான் முதலாளி" என்று தெரிவதில் ஒரு தைரியம் இருந்தது. 2020-இல் அவர் மறைந்தபோது அவர் கடையில் ஒரு பொருளும் வாங்கியிராதவர்கள்கூட அந்தச் சிரிப்பை நினைவுகூர்ந்தனர்.

சரியாக எடுக்கப்படாத படம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 1903-இல் நியூயார்க்கில் பெருஞ்செல்வரான ஜே. பி. மார்கனைப் படமெடுக்க எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற இளைஞர் அழைக்கப்பட்டார். ஓவியர் ஒருவர் மார்கனைத் தீட்டுவதற்குத் துணையாகவே அந்தப் படம் தேவைப்பட்டது. மார்கன் அமர்ந்திருந்தது மூன்றே நிமிடம் என்பர். முதற்படம் எடுத்தபின் தலையைச் சற்றே திருப்பச் சொன்னார் ஸ்டைக்கன், மார்கனுக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடு இரண்டாம் படம் பதிவாயிற்று. இருளிலிருந்து இரு கண்கள் முறைக்கின்றன; கை பற்றியிருக்கும் நாற்காலியின் விளிம்பில் ஒளி பட்டு, அது குத்துவாள் போலத் தோன்றுகிறது. மார்கன் அதைக் கண்டதும் கிழித்தெறிந்தாராம். ஆனால் இன்றும் மார்கன் என்றால் உலகம் காண்பது அந்த வாளேந்திய மார்கனைத்தான். உண்மையில் அவர் கையில் இருந்தது நாற்காலி!

நூறு மில்லி நொடி

ஒரு முகத்தைக் கண்டு இவர் நம்பத்தக்கவரா என்று முடிவு செய்ய நமக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடொரோவ் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. அறிமுகமில்லாத முகங்களை ஒரு நொடியில் பத்திலொரு பங்கு நேரமே காட்டினர். நேர வரம்பின்றிப் பார்த்தவர்கள் சொன்ன முடிவும் அந்தக் கணப்பொழுதில் சொன்ன முடிவும் பெரிதும் ஒத்திருந்தன. நேரம் கூடக்கூட முடிவு மாறவில்லை. தம் முடிவின்மேல் உறுதிதான் கூடியது.

இந்த முடிவு சரியானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முகத்தைக் கண்டு நேர்மையை அளக்க முடியாது என்பதைத்தான் டொடொரோவ் வலியுறுத்துகிறார். அவரும் ஜென்னி போர்ட்டரும் 2014-இல் காட்டியது இன்னும் சுவையானது: ஒரே மனிதரின் வெவ்வேறு படங்களைக் காட்டினால், ஒன்றில் அவர் நல்லவராகவும் இன்னொன்றில் ஐயத்துக்குரியவராகவும் தோன்றுகிறார். ஆள் ஒருவர்தான், படந்தான் வேறு. அப்படியானால் வருவோர் போவோர் எல்லாம் கணப்பொழுதில் நம்மீது தீர்ப்புச் சொல்லும்போது, எந்தப் படம் அங்கே நிற்கிறது என்பதில் அக்கறை கொள்ளாதிருப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம் என்றுதான் நான் கருதுகிறேன். ஏமாற்றுக்காரரும் நல்ல படம் வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், பிறர் படத்தைத் திருடியும் வைக்கிறார்கள். ஆகவேதான் முகத்தோடு முகவரியும், 2004-இல் வந்த சில்க் மார்க்கும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் சேர்ந்து நிற்கவேண்டும். முத்திரை சேலைக்குச் சான்று சொல்லும். யாரிடம் பேசுகிறோம் என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

எப்படி எடுப்பது?

அடையாள அட்டைப் படத்தையே இதற்கும் பயன்படுத்துவோர் பலர். அந்தப் படம் அதிகாரி ஒருவர் ஆளை அறிந்துகொள்வதற்கானது. நிழலே விழாத தட்டையான ஒளி, விறைத்த கழுத்து, உணர்ச்சியற்ற முகம் என்று அதற்குத் தனி இலக்கணம். வணிகருக்கு வேண்டிய முகப்படம் இன்னொருவரோடு பேசத் தொடங்கும் முகம். மார்புக்கு மேல், கண்ணின் உயரத்தில், கண்கள் தெளிவாகத் தெரியுமாறு அமையவேண்டும்.

ஒளிக்காகப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையைவிடச் சிறந்த ஸ்டூடியோ கிடையாது. மேலே கூரை வெயிலைத் தடுக்கும். முன்னே திறந்த வானம் மென்மையான ஒளியைத் தரும். தெருவைப் பார்த்துச் சற்றே ஒருபுறம் திரும்பி அமர்ந்தால் முகத்தில் ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழுந்து மூக்கும் கன்னமும் உருப்பெறும். உச்சிவெயில் மட்டும் ஆகாது, கண்குழி கறுத்துவிடும்.

அடுத்தது தூரம். கையை நீட்டித் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் படத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவதை யாவரும் கண்டிருப்பீர்கள். 12 அங்குலத்திலிருந்து எடுத்தால், 5 அடியிலிருந்து எடுப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர் சிலர் கணக்கிட்டனர். ஆகவே ஐந்தாறு அடி தள்ளி நின்று பிறர் எடுப்பதே முறை. பின்னால் ஒரே நிறச் சுவர் போதும். நெருக்கமான கோடுபோட்ட சட்டையைத் தவிர்க்கலாம். திருநீறோ குங்குமமோ வழக்கமாக இடுபவர் படத்துக்காக அழிக்கவேண்டியதில்லை.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்களில் படம் எடுத்ததும் முகத்தை வெளுத்துத் தருவது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. முன்பு நெகடிவ்மேல் பென்சிலால் செய்தார்கள். இப்போது கணினியில் செய்கிறார்கள். வண்ணப்பட அச்சுக்கே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது, கோடாக் நிறுவனம் அனுப்பிய வெள்ளைக்காரப் பெண்ணின் படந்தான். அந்த அளவில் நம் நிறம் ஒரு குறையாகவே தெரிந்தது. எங்கள் உறவினர் ஒருவரை ஒரு நிலையத்தில் இப்படி வெளுத்துத் தந்ததில் அவருடைய சொந்தத் தங்கையே, "இது யாரு?" என்று கேட்டுவிட்டார். சேலை வாங்க நேரில் வருபவர் படத்திலுள்ளவரைத் தேடினால் எங்கே கண்டுபிடிப்பது? கறுத்த முகத்துக்குக் கூடுதல் ஒளி கொடுத்து எடுத்தாலே போதும்; சாயம் பூச வேண்டியதில்லை.

எடுத்த படங்களில் எதைத் தேர்வது? நாமே தேர்வது நல்லதன்று என்பது ஆஸ்திரேலியாவில் டேவிட் ஒயிட்டும் அவர் கூட்டத்தாரும் 2017-இல் கண்ட முடிவு. அவரவர் தமக்கெனத் தேர்ந்த படங்களைவிட, முன்பின் அறியாதவர்கள் தேர்ந்துகொடுத்த படங்களே பார்ப்பவருக்கு நல்லெண்ணம் ஊட்டின. இதற்குத் தொடர்புடைய பழைய ஆய்வும் உண்டு: நாம் நம்மைக் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியிருக்கிறோம். அதனால் அந்த மாறிய முகமே நமக்குப் பிடிக்கிறது. நண்பர்களுக்கோ நம் நேர் முகந்தான் பிடிக்கிறது என்று 1977-இல் கண்டறிந்தனர்.

சென்ற பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் எங்கள் திண்ணையிலும் தறியிலும் சோதித்துப் பார்த்தோம். திருமணங்களுக்குப் படம் எடுக்கும் என் மாமன் மகன்தான் புகைப்படக்காரர். தந்தையார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், தேர்தல் அட்டைக்கு அமர்ந்தது போலவே அமர்ந்தார். நாற்பது படங்களுக்கு மேல் எடுத்தும் ஒன்றிலும் அவர் இல்லை. வெறுத்துப்போய்க் குழித்தறியில் இறங்கி, அறுந்த இழையைப் பிணைக்கத் தொடங்கினார். சன்னல் ஒளி பக்கவாட்டில் விழுந்தது. மாமன் மகன் ஏதோ கேட்க, விரலில் இழையோடு நிமிர்ந்து பார்த்தார். அப்போது ஒன்று எடுத்தான்.

நான்கு படங்களை விடுதி நண்பர்களிடம் காட்டி, "யாரிடம் சேலை வாங்குவீர்கள்?" என்று கேட்டேன். அவர்கள் என் தந்தையாரைக் கண்டதில்லை. பெரும்பாலோர் தறிப் படத்தையே காட்டினர். தந்தையார் தேர்ந்ததோ வெள்ளைச் சட்டைப் படம்! தங்கை என் பக்கம் சேர்ந்ததால் மயில் இருந்த இடத்தில் இப்போது தறிப் படம் இருக்கிறது.

சேலை கேட்டு வருபவர்கள், "நீங்கள் நெசவாளர்தானா?" என்று இப்போது கேட்பதில்லை. "இந்தக் கரையை எத்தனை நாளில் நெய்தீர்கள்?" என்கிறார்கள். அது படத்தால் வந்த மாற்றமா, வேறெதனாலுமா என்று அறுதியிட்டுச் சொல்ல நான் ஆய்வாளன் அல்லன். தந்தையாருக்கு மட்டும் அந்தப் படத்தின்மேல் ஒரு குறை தீரவில்லை. கைப்பேசியை எடுக்கும்போதெல்லாம், "ஏம்பா, வகிடு அந்தாண்ட பக்கமா இருக்குதே" என்கிறார்.