உங்களுக்குத் தெரியுமா? பட்டாளத்து உடம்பும் பென்ஷன் கணக்கும்

● ராணுவத்தில் டிசபிலிட்டி பென்ஷன் என்பது, பணிக்காலம் முடித்து ஓய்வு பெறுபவரைப் பொறுத்தவரை, வழக்கமான ஓய்வூதியத்தின் மேல் சேர்த்துத் தரப்படும் தொகை. உடல் குறைபாடு நூறு சதவீதம் என்றால் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். குறைபாடு பாதி என்றால் தொகையும் பாதி. 20 சதவீதத்துக்குக் கீழே என்று டாக்டர்கள் எழுதிவிட்டால் ஒரு பைசா கிடையாது.

● அந்தச் சதவீதத்தை முடிவு செய்வது மெடிக்கல் போர்டு. மனநிலை, செவி, கை கால், பொது உடல்நலம், கண் பார்வை என்று ஐந்து தலைப்பில் வீரரின் உடம்பை எடை போடுவார்கள். ஆங்கிலத்தில் அவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஷேப்' என்று வரும். எந்தக் குறையும் இல்லாதவர் 'ஷேப்-1'. அதிலிருந்து இறங்கியவர்களை 'லோ மெடிக்கல் கேட்டகிரி' என்பார்கள். ஓய்வு பெறும்போது போர்டு இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். குறைபாடு எத்தனை சதவீதம்? அது பணியால் வந்ததா, பணியால் கூடியதா, இரண்டும் இல்லையா? பெரும்பாலான வழக்குகள் பிறப்பது இரண்டாவது கேள்வியில்தான்.

● 2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. 2015-16 முதல் 2019-20 வரையிலான ஐந்து ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் டிசபிலிட்டி பென்ஷனோடு வெளியே போயிருக்கிறார்கள். அதிகாரி அல்லாத வீரர்களில் அப்படிப் போனவர்கள் 15 முதல் 18 சதவீதம்தான். பனிமலையிலும் பாலைவனத்திலும் மூட்டை சுமந்து நடப்பவர் சிப்பாய். குறைபாட்டுக் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பவர் அதிகாரி. சராசரியாக அதிகாரி கூடுதல் வயதில் ஓய்வு பெறுகிறார் என்பது உண்மை. இந்த வித்தியாசம் முழுவதையும் வயதின் தலையில் கட்டிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

● அதே அறிக்கை சுட்டிக்காட்டிய முக்கியக் காரணங்கள் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும். இவை 'வாழ்க்கை முறை நோய்' என்ற பெயரில் வருகின்றன. பயிற்சி விபத்தில் கால் போனவருக்கும், ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பு சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் ஒரே தலைப்பில்தான் பணம்.

● டிசபிலிட்டி பென்ஷனுக்கு வருமான வரி கிடையாது என்ற விதி எப்போது வந்தது தெரியுமா? 1922-இல், வெள்ளைக்காரர் ஆட்சியில். முதல் உலகப்போர் முடிந்து, அங்கம் இழந்த இந்தியச் சிப்பாய்கள் ஊர் ஊராகத் திரும்பியிருந்த காலம் அது. அந்த ஆண்டு வந்த அறிவிக்கையின் வழியாகத்தான் இந்தச் சலுகை சுதந்திர இந்தியாவிலும் நூறு ஆண்டுக்கு நெருக்கமாகத் தொடர்ந்து வந்தது. விலக்கு கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, வழக்கமான பென்ஷன் பகுதிக்கும் சேர்த்துத்தான்.

சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் அவில்தார். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் அதில் பாதி, 20,000. காது மந்தம் என்று 20 சதவீதம் போட்டு, விதிப்படி அது 50 சதவீதமாக எண்ணப்பட்டால் கூடுதலாக 6,000. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 3,12,000. அகவிலைப்படி சேர்ந்தாலும் 2019-இல் இவருக்கு வரியே வராது. ஐந்து லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு முழுத் தள்ளுபடி இருந்தது. ஆக, வரி விலக்கால் இவருக்கு ஒரு ரூபாய் லாபமில்லை.

அடுத்து, உச்ச நிலையில் ஓய்வு பெறும் லெப்டினன்ட் ஜெனரல். சம்பளம் 2,25,000. பென்ஷன் 1,12,500. அதே 20 சதவீதம், அதே 50 ஆக எண்ணப்பட்டு, கூடுதல் 33,750. ஆண்டுக்கு 17 லட்சத்தைத் தாண்டுகிறது. இது முழுவதும் வரியில்லாத பணமானால், அன்றைய விகிதத்தில் வரி மிச்சம் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரே காது மந்தம், ஒரே சதவீதம். ஒருவருக்கு மாதம் ஆறாயிரம். இன்னொருவருக்கு முப்பத்து மூவாயிரமும், அதற்கு மேல் பெரிய வரிச் சலுகையும். ஆசைக்கான இடம் எங்கே அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

● 20 சதவீதம் எப்படி 50 ஆகிறது? 1996 முதல் நடப்புக்கு வந்த முறை அது. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் போனால் 100 என்றும் எண்ண வேண்டும். இதன் நோக்கம் நல்லது. ஒரே முழங்கால் வலிக்கு ஒரு போர்டு 30 போடும், இன்னொரு போர்டு 40 போடும். அந்த ஏற்ற இறக்கத்தால் சிப்பாய் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக ஐந்தாவது ஊதியக் குழு சொன்ன வழி. முதலில், உடல்நிலையால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இது கிடைத்தது. பணிக்காலத்தை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

● ஏழாவது ஊதியக் குழு இந்தச் சாய்வைக் கவனித்தது. மூத்த அதிகாரிகளிடம் குறைபாட்டு விகிதம் ஏறுகிறது, ஜவான்களிடம் இறங்குகிறது என்று எழுதி, சம்பளச் சதவீதத்தை விட்டுவிட்டு நிலையான தொகை தரச் சொன்னது. நூறு சதவீதக் குறைபாட்டுக்கு அதிகாரிக்கு 27,000, இளநிலை அதிகாரிக்கு 17,000, மற்ற வீரர்களுக்கு 12,000. படைகள் எதிர்த்தன. 2017 மே மாதம் மத்திய அமைச்சரவை பழைய சதவீத முறையையே தொடர ஒப்புக்கொண்டது. எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. அரசின் சிவில் ஊழியர்களுக்குச் சதவீத முறை தொடரும்போது, எல்லையில் நிற்பவருக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு?

● 2019 ஜூன் 24. நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. உடல் குறைபாட்டால் பாதியில் அனுப்பப்பட்டவருக்கு மட்டுமே வரி விலக்கு, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு இல்லை. முன்னாள் வீரர்கள் கொதித்துப் போனார்கள். விலக்கைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்ன ராணுவத் தரப்புக் குறிப்பு ஒன்றை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் பகிர்ந்தார். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று அந்த ஆண்டே நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தச் சுற்றறிக்கையில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. கண்ணிவெடியில் கால் பாதத்தை இழந்தும், 'ஊருக்குப் போகமாட்டேன், அலுவலக வேலையாவது கொடுங்கள்' என்று நின்று பணிக்காலத்தை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இந்தக் கோட்டுக்கு வெளியே விழுகிறார்கள். பாதியில் போனவருக்குச் சலுகை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவருக்கு வரி. பொய் சொல்பவரைப் பிடிக்க விரித்த வலையில் மாட்டிக்கொள்வது இப்படிப்பட்ட ஆள்தான்.

● தரம்வீர் சிங் என்ற பெயரை முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். சிக்னல் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்தவர். ஒன்பது ஆண்டு கழித்து வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு அனுப்பினார்கள். பணியால் வந்ததில்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் அடித்தளம். படையில் சேரும்போது செய்த சோதனையில் நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, வீரருடையது அல்ல.

● அமெரிக்காவிலும் இதே சண்டை உண்டு, நம்மைவிடப் பழையது. உள்நாட்டுப் போரில், 1862-இல், இரண்டு கால்களையும் இழந்த ஜேம்ஸ் டேனர் 1889-இல் பென்ஷன் ஆணையராக வந்தார். வாரி வழங்கினார். சில மாதங்களிலேயே பதவி போயிற்று. மறு ஆண்டே வந்த சட்டம் அவரையும் தாண்டியது. 90 நாள் படையில் இருந்தவருக்கு உடல் உழைப்பு செய்ய முடியாத குறை எப்படி வந்திருந்தாலும் பென்ஷன். அந்தப் பத்தாண்டில் மத்திய அரசின் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பென்ஷனுக்கே போன காலமும் உண்டு. அந்தப் போரின் கடைசிப் பென்ஷன், ஒரு வீரரின் மகளுக்கு மாதம் 73 டாலர் 13 சென்ட் என்று 2020 வரை போய்க்கொண்டிருந்தது.

● அங்கே இன்றைய கூட்டல் முறை விசித்திரமானது. 50 சதவீதக் குறை இரண்டு இருந்தால் கூட்டுத்தொகை நூறு இல்லை, 75. முதல் குறை போக மிஞ்சிய உடம்பில்தான் இரண்டாவதைக் கணக்கிடுகிறார்கள். பிறகு பத்தின் மடங்காக்கி 80 என்பார்கள். அங்கே முன்னாள் வீரர்கள் மிக அதிகமாகப் பதிவு செய்யும் குறைபாடு எது தெரியுமா? காதிரைச்சல். வெளியிலிருந்து யாராலும் கேட்க முடியாத ஒலி. நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி அங்கேயும் ஓயவில்லை.



● 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. குறைபாட்டோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுபவருக்குத் தரும் தொகைக்குப் பெயரே மாறிவிட்டது. பென்ஷன் என்ற சொல் போய், 'நிவாரணம்' என்று ஆகிவிட்டது. பழைய ஓய்வூதியர்களை இது தொடாது என்று அறிவித்தார்கள். பொய்க்கணக்கு குறையும் என்றால் வரவேற்கலாம். ஆனால் உயரமான மலையில் மூன்று குளிர்காலம் இருந்தவருக்கு வந்த ரத்தக் கொதிப்பையும், அலுவலக நாற்காலியில் வந்த ரத்தக் கொதிப்பையும் பிரித்துப் பார்க்க ஒரு படிவம் போதாது. அவர் எங்கே எத்தனை நாள் இருந்தார் என்ற பணிப் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்ட ஆள் வேண்டும்.

● படையினர் தங்கள் வழக்குகளைக் கொண்டு போக 2009 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. அங்கே ஒரு சிப்பாய் ஜெயித்தால், அரசு மேலே போகும். ராம் அவதார் தீர்ப்போடு தள்ளுபடியானவை அரசு போட்ட நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகள். எதிரில் நின்றவர்களில் பலர் சாதாரணச் சிப்பாய்கள்.

● வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்கள் பல. அப்படி ஓர் ஊரில், எனக்கு மாமா முறையாகும் ஓய்வு பெற்ற அவில்தார் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பீரங்கிப் படையில் இருந்தவர். காது மந்தத்துக்காக 20 சதவீதம் போட்டிருக்கிறார்கள். வரி, சுற்றறிக்கை, தணிக்கை எதுவும் அவரைத் தொடவில்லை. தொட்டது டீக்கடைப் பேச்சு. டி.வி.யில் செய்தி வந்த வாரம், "கை கால் நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு எதுக்கு ஊனப் பணம்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டானாம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்குப் போவதில்லை. அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பீரோவிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தார். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், லேமினேட் செய்த அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்பில் கிழியத் தொடங்கிய காதுப் பரிசோதனைத் தாள். இடமிருந்து வலமாக ஓடும் கோடு, நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்ட இடத்தில் கிணறு மாதிரி சட்டென்று இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. பெருஞ்சத்தத்தால் பழுதான காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இப்படிக் கோடு போடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். மாமாவுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. நகம் தேய்ந்த ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். தனக்கே கேட்காததால் அவர் பேச்சு எப்போதும் உரக்கத்தான் வரும்.

"இந்தப் பள்ளம் இருக்குது பாரு, இதுதாம்பா போஃபர்ஸு" என்றார்.