உங்களுக்குத் தெரியுமா? புதியவரை அழைக்கும் அலைக்கரைகள்

சேலம் சாலையும் திருச்சி சாலையும் உளுந்தூர்பேட்டையில் சேருகின்றன. மேற்கு மாவட்டத்துக்காரர்கள் புதுச்சேரிக் கடலுக்குப் போவது நம் ஊர் வழியாகத்தான். சாலையோரம் குடியிருக்கும் நமக்கோ, கடல் இன்னும் கால் நனைத்துவிட்டுத் திரும்பும் இடம். பலகைமேல் நின்று அலையில் சறுக்கிவரும் சர்ஃபிங், வெளிநாட்டாருக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியது என்றே பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. முதல்முறை வருபவரையும் முகம் மலர்ந்து ஏற்றுக்கொள்ளும் கரைகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நமக்கு வெகு அருகில்.

நம் மாவட்டத்திலேயே இருந்த அலைக்கரை
2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. அதுவரை உளுந்தூர்பேட்டை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அதே விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கோட்டக்குப்பத்தை ஒட்டி, தந்திராயன்குப்பம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் 'செரினிட்டி பீச்' என்று சொல்வது இந்தக் கரையைத்தான். புதுச்சேரி வட்டாரத்தில் சர்ஃபிங் பழக வருபவர்கள் முதலில் இறங்கும் இடம் இது. ஆரோவில்லில் வளர்ந்த சகோதரர்கள் இருவர் தொடங்கிய சர்ஃப் பள்ளி இந்தப் பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்தது. உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் வழியாகப் போனால் ஏறத்தாழ 80 கி.மீ.தான்.

கெடிலமும் அலையும்
அலை எங்கே, எப்படி உடையும் என்பதைக் கடலடித் தரைதான் முடிவு செய்கிறது. மணல் தரையில் உடையும் அலை, பவளப்பாறையில் உடையும் அலை, நிலமுனையைச் சுற்றி வளைந்து உடையும் அலை என்று மூன்று வகை சொல்வார்கள். தொடக்கக்காரருக்கு ஏற்றது மணல் தரை. விழுந்தாலும் பெரிய காயம் வராது. அந்த மணலைக் கடலுக்குக் கொண்டுசேர்ப்பவை ஆறுகள். சுந்தரர் பிறந்த திருநாவலூரைத் தொட்டு ஓடும் கெடிலம் கடலூரில் கடலோடு கலக்கிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியின் நீர், மணிமுக்தாறு, வெள்ளாறு வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. இந்தக் கரையில் மணல் ஆண்டு மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களில் புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் எழுந்தபோது அந்த நகர்வு தடைபட்டது. வடக்கே உள்ள கரைகள் அரித்துப்போயின. ஆற்றில் அள்ளப்படும் ஒவ்வொரு லோடு மணலும் கடற்கரைக்குப் போய்ச் சேராத மணல். அலையை நேசிப்பவர்கள் ஆற்றுக்காகவும் பேச வேண்டும்.

ஆணி இல்லாத படகு
19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் உடைகிற அலைகளின் ஊடாகக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணியால் அறையாமல் கயிற்றால் தைத்துக் கட்டியதால், அலை அடிக்கும்போது படகு உடையாமல் நெளிந்துகொடுக்கும். இன்னும் பெரிய அலை என்றால் கட்டுமரம்தான் போகும். அலையின் முதுகில் ஏறிக் கரைக்கு வரும் வித்தை சோழமண்டலக் கரையின் மீனவருக்குப் பரம்பரைச் சொத்து. பெரு நாட்டின் உவான்சாக்கோ மீனவர்களும் கோரைப்புல்லால் கட்டிய சிறு படகில் இதேபோல அலையேறிக் கரை திரும்புகிறார்கள்.

கோவளத்து மூர்த்தி
சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் சிறுவயதில் கிடைத்த மரப்பலகையை வைத்தே அலையில் சறுக்கியவர். பிறகு வெளிநாட்டவர் ஒருவர் கொண்டுவந்த உண்மையான போர்டில் ஏறிப் பார்த்தார், விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் அங்கே சர்ஃப் பள்ளி உருவானது. அடுத்த ஆண்டே சர்ஃபிங்கும் இசையும் சேர்ந்த திருவிழா தொடங்கியது. 2021இல் இதே கடற்கரைக்குத் தூய்மைக்கான 'நீலக்கொடி' சான்றும் கிடைத்தது. இன்று அங்கே நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

'பள்ளிக்கூடம் போகலையா? போர்டும் இல்லை!'
கேரளத்துக் கோவளத்தில் 2005இல் தொடங்கிய சர்ஃப் கிளப்பின் விதி இது. ஏழைப் பிள்ளைகளுக்கு அலையைக் காட்டிப் படிப்பின் பக்கம் இழுத்தார்கள். அந்தக் கிளப்பில் வளர்ந்தவர் ரமேஷ் புதிஹால். கர்நாடகத்திலிருந்து வந்து கடற்கரையில் கைவினைப் பொருள் விற்ற குடும்பத்துப் பிள்ளை. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். ஆசிய அளவில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் வென்றது அதுவே முதல்முறை.

கடற்கரைக் கோயிலடியில் உலகப் போட்டி
2023 ஆகஸ்ட் 14 முதல் 20 வரை உலக சர்ஃப் லீகின் தகுதிச்சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவில் அப்படியொரு போட்டி நடந்தது முதல்முறை. அதே ஊரில் வளர்ந்த கமலி மூர்த்தி, அலையிலும் ஸ்கேட்போர்டிலும் பெயர் எடுத்தவர். அவரையும் அவருடைய தாயாரையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பெண்பிள்ளைக்கு எதற்குக் கடல் என்று கேட்பவர்களுக்கு அந்தத் தாயும் மகளுமே பதில்.

தமிழ் பேசும் குடா
தமிழர்கள் மொழிக் கவலையின்றிப் போகக்கூடிய உலகப் புகழ்பெற்ற அலைக்கரை ஒன்று உண்டு. இலங்கையின் கிழக்கே, பொத்துவிலை ஒட்டிய அறுகம் குடா. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து வாழும் பகுதி. மே முதல் செப்டம்பர் வரை சீசன். தேர்ந்தவர்களுக்கு 'மெயின் பாயிண்ட்', பழகுபவர்களுக்குச் சற்றுத் தள்ளி 'பேபி பாயிண்ட்' என்று கடலே வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறது. 2004 சுனாமியில் பலத்த அடி வாங்கிய கரை, மீண்டு எழுந்தது. நாட்டிலேயே முதலாவதான பெண்கள் சர்ஃப் கிளப் 2018இல் இங்கேதான் உருவானது. கிழக்கில் சீசன் முடிந்ததும் தெற்கே வெலிகமையில் தொடங்கும். அங்கே அலை இன்னும் சாது.

ஹவாய் தந்த விருந்து
நின்றபடி அலையேறும் கலையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வளர்த்தவர்கள் ஹவாய் மக்கள். அதை உலகுக்குக் கொண்டுபோனவர் டியூக் கஹானமோக்கு. 1912 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். 1914-15 கோடையில் சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கரையில் அவர் அலையேறிக் காட்டினார். 15 வயது இசபெல் லெதமையும் தன் பலகையில் ஏற்றிக்கொண்டார். ஒரு மரத்தைச் செதுக்கி டியூக்கே செய்த பலகையை அந்தக் கரையில் இன்றும் பாதுகாக்கிறார்கள். 1925இல் கலிஃபோர்னியாவில் படகு கவிழ்ந்தபோது, சர்ஃப் போர்டைக் கொண்டே எட்டுப் பேரைக் காப்பாற்றினார். டியூக் பழகிய வைக்கீக்கி, நீண்டு மெல்ல வரும் அலைகளால் இன்றும் தொடக்கக்காரர்களின் கரை.

அகதா கிறிஸ்டியும் அலையேறினார்
துப்பறியும் கதைகளின் அரசி 1922இல் கணவரோடு உலகப் பயணம் போனபோது, தென்னாப்பிரிக்காவின் மியூசன்பர்க் கரையில் பலகை பிடித்துப் பழகினார்; பிறகு வைக்கீக்கியில் தொடர்ந்தார். கேப் டவுனை அடுத்த மியூசன்பர்க், இனவெறி ஆட்சியில் கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்ட கடற்கரைகளில் ஒன்று. இன்று அதே கரையில், வன்முறையும் வறுமையும் சூழ்ந்த பகுதிகளின் பிள்ளைகளுக்கு அலையேற்றத்தின் வழியே மனத்தெம்பு ஊட்டும் திட்டம் நடக்கிறது.

படப்பிடிப்பில் பிறந்த சர்ஃப் ஊர்
'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் அலைக்காட்சிகளைப் பிலிப்பைன்ஸின் பாலேர் என்ற ஊரில் எடுத்தார்கள். படக்குழு விட்டுச்சென்ற போர்டுகளில்தான் ஊர்ப் பையன்கள் பழகினார்கள் என்று அங்கே சொல்வார்கள். இன்று அந்நாட்டில் தொடக்கக்காரர்கள் தேடிப் போகும் கரைகளில் அதுவும் ஒன்று.

26 மீட்டரும் இடுப்பளவும்
போர்ச்சுகலின் நசாரேயில் 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் ஏறிய அலையின் உயரம் 26.21 மீட்டர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. கரையை ஒட்டிய கடலடிப் பள்ளத்தாக்குதான் அங்கே அலையை அப்படி உயர்த்துகிறது. அந்தப் படங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். பழகுபவருக்குத் தேவை இடுப்பளவு அலை. உடைந்து நுரையாக வரும் அலையில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நீரின் ஆழம் அலை உயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும். ஆகவே சிறிய அலை உடையும் இடம் நிலைகொள்ளும் ஆழமே.

காலையில் ஏன்?
இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்கிறது. அதனால் விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். நம் கிழக்குக் கரையில் அது மேல்காற்று. வரும் அலையை எதிர்த்து வீசி, அதன் முகத்தைச் சீராக நிமிர்த்திப் பிடிக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பிவிடும். நீர் கலங்கலாகக் குலுங்கும். வகுப்புகளைக் காலையிலேயே வைப்பது இதனால்தான்.

கிணற்று நீச்சல் போதுமா?
நீச்சல் அவசியம், ஆனால் கிணறு வேறு, கடல் வேறு. கரையில் குவியும் நீர் ஓரிடத்தில் ஒடுங்கி வேகமாகக் கடலுக்குள் திரும்பும். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தொலைதூரத் தென்கடல் புயல்களில் பிறந்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் வந்து மோதும் 'கள்ளக்கடல்' பற்றி ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடும். அந்த நாளிலும், வடகிழக்குப் பருவமழைக் கொந்தளிப்பிலும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். மற்ற நாட்களிலும் பயிற்சியாளர் இல்லாமல் இறங்காதீர்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்?
முதல் பாடம் மணலில். குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போடுவது, கையூன்றி எழுவது, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் நிற்பது. பிறகு, இடித்தாலும் அவ்வளவாக வலிக்காத மெத்தென்ற பெரிய போர்டு தருவார்கள். போர்டோடு பிணைத்த கயிறு கணுக்காலில் இருக்கும்.

அலைக்கு ஒருவர்
உலகெங்கும் பொருந்தும் எழுதாத சட்டம் இது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகே இருப்பவருக்கே அந்த அலை. ஒருவர் ஏறிய அலையில் குறுக்கே நுழையக் கூடாது. நம் கரைகளில் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: படகு இறங்கும்போதும் கரைவலை இழுக்கும்போதும் வழிவிட வேண்டும். அது மீனவர்களுடைய பிழைப்பு. விருந்தாளி மரியாதையாக நடந்துகொண்டால் வரவேற்பு நிலைக்கும்.

ஒலிம்பிக் வரை
டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட சர்ஃபிங், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காகப் பசிபிக் தீவான தாஹிட்டியில் நடந்தது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் முதன்முறையாக இடம் பெற்றுள்ளது.

கோவளம், அறுகம் குடா, மியூசன்பர்க் மூன்றிலும் கரைக்குப் பெயர் வாங்கித் தந்தது அலை மட்டும் அல்ல. வந்தவரைச் சேர்த்துக்கொண்ட மனிதர்களும்தான். சித்திரைதோறும் கூவாகத்துக்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையரை வரவேற்கும் நம் வட்டத்துக்கு இது புதிதல்ல. நம் பள்ளிகள் மாமல்லபுரத்துக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போகின்றன. கடற்கரைக் கோயிலைக் காட்டிய பிறகு, நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்கு, பெற்றோர் சம்மதத்தோடும் தேர்ந்த பயிற்சியாளரோடும், ஒரு மணி நேர அலைப் பாடத்தையும் அந்தப் பயணத்தில் சேர்க்கலாம். தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் அடுத்த சுற்றுலாவுக்குள் இதைப் பேசி முடிவு செய்ய வேண்டும்.