பழைய மின்சார வண்டிக்கு ஒரு திருப்பணி

கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்வது நமக்குப் பழகிய காரியம். ரசீதுப் புத்தகம் அச்சடிப்போம், கச்சேரி வைப்போம், உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டுவோம். இதே முறையில் ஓர் ஓட்டை டிராம் பெட்டிக்கு விழா எடுத்துப் பணம் திரட்டுகிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் மேல்நாடுகளில் பல வருஷங்களாக இது நடந்து வருகிறது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் 1939-ல் சில இளைஞர்கள் சேர்ந்து, உடைக்கப்பட இருந்த ஒரு டிராம் பெட்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். அந்த ஒரு பெட்டியிலிருந்து வளர்ந்ததுதான் ஸீஷோர் டிராலி மியூசியம். இல்லினாய்ஸில் 1953-ல் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு ஒரு மின்சார ரயில் பெட்டியை வாங்கினார்கள். அங்கும் இன்று பெரிய காட்சிசாலை இருக்கிறது. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரின் 45-ம் எண் டிராம் 1948-ல் பத்தே பவுனுக்குப் போயிற்று. அதை வாங்கியவர்களின் முயற்சியில் கிரிச் என்ற ஊரில் டிராம் காட்சிசாலை பிறந்தது. அங்கே வருகிறவர்களுக்கு ஒரு பழைய பென்னி காசு கொடுக்கிறார்கள். அதைக் கண்டக்டரிடம் நீட்டித்தான் வண்டியில் ஏற வேண்டும்! பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சரித்திரப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் 1895 மே 7-ந் தேதி ஓடியது. லண்டன் மாநகரில் முறையான மின்சார டிராம் சேவை 1901-ல்தான் தொடங்கியது. சென்னையில் முதலில் மின்சாரத்தைத் தரைக்குள் பள்ளம் வெட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐப்பசி மழையில் பள்ளமெல்லாம் தண்ணீர் நின்றது; பிறகுதான் கம்பியை மேலே கட்டினார்கள். நஷ்டம் தாங்காமல் 1953 ஏப்ரல் 12-ல் சேவை நின்றது. இன்று சென்னையில் ஓடும் நிலையில் ஒரு டிராம்கூடக் கிடையாது. நம் பெங்களூருக்கு 1905-லேயே மின்சாரத் தெருவிளக்கு வந்துவிட்டது, டிராம் மட்டும் வரவேயில்லை.

அடுத்தது கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். சென்னையிலிருந்து இங்கே குடியேறிய நம் வாசகர்கள் எத்தனை பேர் அதில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போயிருப்பார்கள்! தென்னிந்திய ரயில்வே 1931 ஏப்ரல் 2-ல் அதைத் தொடங்கியது. மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்தார்கள். இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது அங்கேதான் முதல். அப்போது மின்சாரம் 1500 வோல்ட் டி.சி. பின்னர் 1967-ல் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 ஜூலை 1-ந் தேதியுடன் ஓய்ந்தன. அந்த வண்டிகளைப் பராமரிக்கும் பணியில் நானும் சில ஆண்டுகள் இருந்தேன். ஆகையால் இவ்விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம் என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஒரு பழைய பெட்டியைச் சீர்படுத்த அவ்வளவு பணம் எதற்கு? வர்ணம் அடித்து மாலை போட்டால் போதாதா? போதாது. முதல் எதிரி கூரை. கூரை ஒழுகினால் தண்ணீர் உள்சுவருக்குப் பின்னால் இறங்கி மரச் சட்டங்களை உளுத்துவிடும். வெளியே தகடு பளபளவென்று இருக்கும். தகட்டைக் கழற்றிய பிறகுதான் வண்டவாளம் தெரியும். அடுத்தது ஒயர்கள். பழைய ரப்பர் உறை கையால் தொட்டாலே பொடியாக உதிரும். அத்தனையும் உருவிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு மோட்டார். பல வருஷம் சும்மா கிடந்த மோட்டார் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதற்கு நேராக மின்சாரம் கொடுத்தால் சுருள் எரிந்துபோகும். முதலில் மெக்கர் வைத்துக் காப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். பிறகு கழற்றித் துடைத்து, அடுப்பறையில் உலர்த்தி, வார்னிஷில் முக்கி, மறுபடி சூடேற்ற வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் செம்புச் சுருள் முழுவதையும் புதிதாகச் சுற்ற வேண்டும். கம்யூட்டேட்டரை லேத்தில் பிடித்துக் கடைய வேண்டும். சக்கரம், பேரிங், பிரேக் கம்ப்ரஸர் என்று பட்டியல் நீளும். கடையில் கிடைக்காத பாகத்துக்கு மோல்டு செய்து வார்க்க வேண்டும். என் அனுபவத்தில், இருக்கைக்கும் வர்ணத்துக்கும் நன்கொடை தர ஆள் கிடைப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத சுருளுக்குக் கிடைக்கமாட்டார்கள். விழாக் குழுவினர் அந்தச் சுருளையே ஒரு மேஜையில் வைத்துக் காட்டினால் நல்லது.

இவ்வளவும் செய்தபின் இன்னொரு சங்கடம். நீராவி இஞ்சினுக்குத் தண்ணீரும் எரிபொருளும் தந்தால் அதன் அகலத் தண்டவாளம் எங்கிருந்தாலும் ஓடும். 1855-ல் செய்த ஃபேரி குவீன் 1997-ல் மீண்டும் ஓடியது அப்படித்தான். மின்சார வண்டிக்கோ அதற்கென்று உள்ள மின்சாரம் வேண்டும். 1500 வோல்ட் டி.சி. இந்திய ரயில்வேயில் மும்பை ஹார்பர் பாதையோடு 2016-ல் முடிந்துவிட்டது. நம் மெட்ரோ 750 வோல்ட் டி.சி.தான் என்றாலும், அது தண்டவாளத்தின் ஓரமாகச் செல்லும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அங்கே பழைய வண்டியைக் கொண்டுபோக முடியாது. ஒரே வழி பாட்டரி. சென்னையில் ஓடிய பழைய மீட்டர் கேஜ் டி.சி. இஞ்சின்கள், மேலே கம்பி இல்லாத சைடிங்குகளுக்குள் போகும்போது ஒரு பாட்டரி வண்டியைக் கூடவே இழுத்துச் சென்றன. ஆக, அந்த யோசனை நம்மவர்களுக்குப் புதிதல்ல. அவற்றில் ஒன்று டில்லி ரயில் காட்சிசாலையில் இருக்கிறது. டில்லி போகிறவர்கள் பார்க்கலாம்.

டிராமுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் நம் நாட்டில் கல்கத்தாக்காரர்கள்தான். குதிரை டிராம் தொடங்கி 150 ஆண்டு ஆனதை 2023 பிப்ரவரி 24-ல் பழைய வண்டிகளை அலங்கரித்து ஊர்வலம் விட்டுக் கொண்டாடினார்கள். எஸ்பிளனேடில் 1938-ம் வருஷத்து டிராம் ஒன்றைப் புதுப்பித்து 2014-ல் சிறு காட்சிசாலையாக்கினார்கள். அப்படியும் 2024-ல் மேற்கு வங்க அரசு, ஒரு சிறு பாதை தவிர மற்ற டிராம்களை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அன்பு மட்டும் இருந்தால் வண்டி ஓடிவிடாது, பாதையும் மின்சாரமும் விட்டுக்கொடுக்க அரசும் மனது வைக்க வேண்டும்.

நம் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பெட்டியைப் புதுப்பிக்கும்போது, வரைபடம் கிடைக்காத இடத்தில் புகைப்படம்தான் கைகொடுக்கும். இருக்கைச் சட்டம் எத்தனை, கைப்பிடி எந்த உயரம், எழுத்து எந்த இடத்தில் என்பதையெல்லாம் படத்திலிருந்து அளந்துகொள்ளலாம். உங்கள் தாத்தாவோ சித்தப்பாவோ எழும்பூர் பிளாட்பாரத்தில் வண்டி முன் நின்று எடுத்துக்கொண்ட படம் ஆல்பத்தில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கம் பென்சிலால் வருஷத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.