போலீஸார் தரும் நற்சாட்சிப் பத்திரம்

கல்யாணப் பேச்சு ஆரம்பமானதும், பிள்ளை எப்படிப்பட்டவன், குடும்பம் எப்படிப்பட்டது என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் பெண்ணைப் பெற்றவர் யாரும் தாம்பூலம் மாற்றிக் கொள்வதில்லை. ஒருவரை நிரந்தரமாக வீட்டில் சேர்த்துக் கொள்வதென்றால் அவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. தேசங்களும் இந்த விஷயத்தில் சம்பந்திகளைப் போலத்தான் நடந்து கொள்கின்றன. நாலு நாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரை ஒரு விதமாகவும், வந்தவிடத்திலேயே குடியிருக்கப் போகிறவரை வேறு விதமாகவும் அவை விசாரிக்கின்றன. அந்த விசாரணைக்கு வேண்டிய தஸ்தாவேஜுகளில் ஒன்று, "இவர் மீது குற்றம் எதுவும் பதிவாகவில்லை" என்று சொல்லும் போலீஸ் நற்சாட்சிப் பத்திரம்.

அமெரிக்காவில் பிரஜையாகிவிட்ட பிள்ளையோ பெண்ணோ, தாய் தந்தையரைத் தம்மிடம் அழைத்துக் கொள்ள விரும்புவது இன்று நம்மில் பல குடும்பங்களில் நடக்கும் காரியம். "ஒரு துண்டுக் காகிதம்தானே, பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று இந்தப் பத்திரத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடுகிறவர்கள் அநேகர். அந்தத் துண்டுக் காகிதம் இல்லாத காரணத்தால் பேரன் பேத்திகளைப் பார்க்கும் நாள் மாதக் கணக்கில் தள்ளிப் போவதுண்டு. ஆகையால் விஷயத்தைச் சற்று விவரமாகத் தெரிந்து கொள்வது நல்லது.

கதவு திறந்த கதை

அமெரிக்காவின் கதவு நமக்கு எப்போதும் திறந்திருந்ததில்லை. 1917-ஆம் வருஷத்துச் சட்டம், இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து குடியேற வருவோரைத் தடுத்து நிறுத்தியது. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கிலே, இந்தியர் அமெரிக்கப் பிரஜையாக அருகதையற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1946-ல் இந்த அவமானம் நீங்கியது. ஆனாலும் வருஷத்துக்குச் சுமார் நூறு இந்தியருக்குத்தான் இடம். 1965-ஆம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகே பழைய தேசவாரிப் பங்கீடு ஒழிந்து, குடும்ப பந்தத்துக்கு முக்கிய ஸ்தானம் கிடைத்தது.

இன்றைய ஏற்பாட்டின்படி, அமெரிக்கப் பிரஜையின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத மக்கள், தாய் தந்தையர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. உடன்பிறந்தாரின் கதை வேறு. உலகம் முழுவதற்கும் வருஷத்துக்கு 65,000 விசாக்கள்தாம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அன்றியும், எந்த ஒரு தேசமும் மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் பெற முடியாது. ஆகவே, அமெரிக்காவிலுள்ள அண்ணன் மனுக் கொடுத்து, இந்தியாவிலுள்ள தம்பியின் முறை வருவதற்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. மனுக் கொடுத்த நாளில் தொட்டிலில் கிடந்த தம்பி மகன், முறை வரும் நாளில் தானே ஒரு போலீஸ் நற்சாட்சிக்கு விண்ணப்பிக்க வேண்டிய வயதை அடைந்து விடுகிறான்!

யாருக்கு, எந்தத் தேசத்திலிருந்து?

16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் இந்தப் பத்திரம் வேண்டும். தகப்பனாருக்கு வாங்கியது தாயாருக்குச் செல்லாது. சொந்தத் தேசத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் அங்கிருந்து ஒன்று. இப்போது வேறு தேசத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்து வந்தால் அங்கிருந்தும் ஒன்று. 16 வயதுக்குப் பிறகு எப்போதாவது மற்றொரு தேசத்தில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் அங்கிருந்தும் ஒன்று. எந்த ஊரிலாவது கைதாகியிருந்தாலோ, தங்கிய காலமும் வயதும் எவ்வளவு குறைவாயிருந்தாலும் அவ்விடத்துப் பத்திரம் அவசியம். அமெரிக்காவிலேயே வசித்த காலத்துக்கு மட்டும் இத்தகைய பத்திரம் கேட்பதில்லை.

இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இளமையில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். "அதெல்லாம் முப்பது வருஷத்துப் பழங்கதை" என்று அவர்கள் நினைக்கலாம். விதி அப்படி நினைப்பதில்லை. சிங்கப்பூரில் இருந்தவர் அந்நாட்டுப் போலீஸ் படையினரிடம் கைரேகையுடன் விண்ணப்பிக்க வேண்டும். மலேசியாவில் நன்னடத்தைச் சான்று வழங்குவது அந்நாட்டு வெளிநாட்டு அமைச்சகம். இவற்றுக்கெல்லாம் பழைய பாஸ்போர்ட்டும் வேலை அநுமதிச் சீட்டும் பெரிதும் உதவும். காலாவதியாகிவிட்டது என்று பழைய பாஸ்போர்ட்டைக் குப்பையில் எறிகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்திரமே வழங்காத தேசங்களும் சில உண்டு. அவை இன்னவை என்று அமெரிக்க ராஜாங்க இலாகா தேசவாரியாக வெளியிட்டிருக்கிறது.

நம் நாட்டில் பெறும் முறை

பெயர் போலீஸ் பத்திரமென்றாலும், இந்தியப் பிரஜைகள் இதற்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வெளிநாட்டில் குடியேறுவோருக்கு இதை வழங்குவது பாஸ்போர்ட் காரியாலயமே. வாடகைக்கு வீடு பிடிக்கவும் வேலையில் சேரவும் தமிழ்நாடு போலீஸார் தரும் சரிபார்ப்புச் சான்று வேறு. அதைக் கொண்டு போய் விசாவுக்கு நீட்டிப் பயனில்லை.

பாஸ்போர்ட் சேவையின் இணையத் தளத்தில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, நாள் குறித்துக் கொள்ள வேண்டும். குறித்த நாளில் அசல் பாஸ்போர்ட்டுடனும் விலாசத்துக்குரிய அத்தாட்சியுடனும் சேவா கேந்திரத்துக்கு நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் ஆகிய நான்கு நகரங்களில் பிராந்தியக் காரியாலயங்கள் இருக்கின்றன. 2022 செப்டம்பர் 28 முதல் தபாலாபீஸ்களிலுள்ள பாஸ்போர்ட் கேந்திரங்களிலும் விண்ணப்பிக்கும் வசதி ஏற்பட்டிருப்பது, சிற்றூர்களில் வசிக்கும் முதியோர்களுக்குப் பெரிய உபகாரம்.

விலாசம் மாறியிருந்தால் போலீஸ் விசாரணை நடக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகலாம். விசாரிக்க வரும் சேவகரைக் கண்டு வீட்டிலுள்ளோர் கலவரப்பட வேண்டியதில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லி, காட்ட வேண்டியதைக் காட்டினால் போதும். சர்க்கார் கட்டணத்துக்கு மேல் யாருக்கும் ஒரு காசு கொடுக்கக் கடமை இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் அங்குள்ள இந்திய ஸ்தானிகர் காரியாலயத்தின் மூலம் இதைப் பெறலாம்.

பெயரில் வரும் வில்லங்கம்

தமிழருக்கென்றே ஏற்பட்ட சங்கடம் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நாம் திருப்தி அடைந்து விடுகிறோம். அந்த ஓரெழுத்துப் பள்ளிச் சான்றில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக விரிந்து இன்னொரு விதமாகவும் காட்சி தரும். ஸ்திரீகளுக்கோ கல்யாணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவன் பெயர். மகன் கொடுத்த மனுவில் ஒரு பெயரும், நற்சாட்சியில் வேறு பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். ஆதலால் விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் தஸ்தாவேஜுகளையும் ஒருங்கே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பழைய வழக்கு ஒன்று இருந்தால்?

நம் தேசத்தில் ஒரு காலம் இருந்தது. சிறைக்குப் போய் வந்தவர் என்பதே மேலான நற்சாட்சியாக மதிக்கப்பட்டது. 1930-ல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தவர்களைப் போலீஸ் ஏடுகள் குற்றவாளிகள் என்றுதான் குறித்தன. ஜனங்கள் அவர்களுக்கு மாலையிட்டார்கள். அமெரிக்கச் சட்டமும் இந்தப் பேதத்தை அறியாததன்று. ஒழுக்கக் கேடான குற்றங்களுக்காக விசா மறுக்கும் பிரிவிலேயே, முற்றிலும் அரசியல் சம்பந்தமான குற்றங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள்.

எந்த வழக்காயிருந்தாலும் மறைப்பதுதான் பெரிய ஆபத்து. வாலிபத்தில் நடந்த அடிதடி ஒன்று விசாவைக் கெடுக்காமலே போகலாம். "ஒன்றுமே இல்லை" என்று சொன்ன பொய் ஆயுள் முழுவதற்கும் தடையாக நிற்கலாம். தண்டனை பெற்றவர்கள் நீதிமன்றத் தீர்ப்பின் அத்தாட்சி பெற்ற நகலைச் சேர்த்து, உள்ளதை உள்ளபடி சொல்வதே உத்தமம்.

காலம் அறிந்து செய்க

இந்தப் பத்திரத்தின் ஆயுள் இரண்டு வருஷம். முன்பு வசித்த தேசத்திலிருந்து பெற்று, அதன்பின் அங்கே திரும்பிப் போகாதவர்களுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. ஆகவே மனுக் கொடுத்த அன்றே ஓடிப் போய் வாங்கி வைப்பதும் வீண். நேர்காணலுக்கு முதல் நாள் தேடுவதும் வீண். நியூ ஹாம்ப்ஷையரில் போர்ட்ஸ்மவுத் நகரிலுள்ள தேசிய விசா நிலையத்திலிருந்து தகவல் வந்ததும் முயற்சியை ஆரம்பிப்பது சரியான சமயம். முதலில் நகலை அனுப்பி, நேர்காணலுக்கு அசலைக் கொண்டு போக வேண்டும். தகவல் வந்து ஒரு வருஷம் வரை எதுவுமே செய்யாமலிருந்தால் விண்ணப்பமே ரத்தாகக் கூடும். அப்படி ரத்தானால், பதினைந்து வருஷம் காத்திருந்தவருக்கு அது எத்தகைய இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இணையத் தளமும் கைரேகையும் உங்களுக்கு விளையாட்டு. எழுபது வயதுத் தாயாருக்கு அது மலையேற்றம். விண்ணப்பத்தை நீங்களே பூர்த்தி செய்து கொடுங்கள். சேவா கேந்திரத்துக்குத் துணையாக ஓர் உறவினரை ஏற்பாடு செய்யுங்கள். அறுபது எழுபது வருஷம் மானமாக வாழ்ந்த பெரியவர்கள், தாம் நல்லவர்கள்தாம் என்று காகிதம் வாங்க வரிசையில் நிற்பது உங்களுக்காகத்தானே!