விருதுநகர் மாவட்டத்தில் தீயணைப்புப் பணி

விருதுநகர் மாவட்டத்தில் தீயணைப்புப் பணியைத் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மேற்கொண்டு வருகிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களுக்குப் பெயர்பெற்ற சிவகாசி, நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த திருவில்லிபுத்தூர், அரசு சிமெண்ட் ஆலை நிறுவப்பட்ட ஆலங்குளம் ஆகியவை இம்மாவட்டத்தில் உள்ளன. இதனால் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட தீ வகைகளை இங்குள்ள நிலையங்கள் எதிர்கொள்ள நேர்கிறது. தீயணைப்பு வீரருக்கு நேரும் ஆபத்து என்றால் சுடரே முதலில் நினைவுக்கு வரும். எனினும் இரண்டாவது வெடிப்பு, சரிந்து விழும் கூரை, புகை, ஆண்டுகள் கழித்து வெளிப்படும் நோய் ஆகியவையே இப்பணியில் உயிரையும் உடல்நலத்தையும் அதிகம் பறிக்கின்றன.

துறை

சென்னையில் முறையான தீயணைப்புப் படை 1908 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985 இல் இயற்றப்பட்டது. வீரர்கள், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர் ஆகியோருடன் சேர்த்து சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பொதுத் தேர்வு வழியாகத் தெரிவு செய்யப்படுகின்றனர். ஒரு நிலையத்தில் தீயணைப்போர், முன்னணித் தீயணைப்போர், ஊர்தி ஓட்டிகள் ஆகியோர் நிலைய அலுவலரின் கீழ்ப் பணிபுரிகின்றனர். பெண்கள் அலுவலர்களாக இத்துறையில் சேர்ந்தது 2003 இல் தான்.

பட்டாசு ஆலைத் தீ

சாதாரணத் தீ எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிசன் தேவை. தீயை மூடிக் காற்றைத் தடுத்தால் அது அணையும். பட்டாசு மருந்துக்கு இவ்விதி பொருந்தாது. வெடியுப்பு போன்ற ஆக்சிசன் தரும் உப்பு மருந்திலேயே கலந்திருப்பதால், அது மூடிய குழாய்க்குள்ளும் எரியும். மருந்தில் சேரும் அலுமினியத் தூள் ஈரத்துடன் வினைபுரிந்து வெப்பத்தையும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடக் கூடியது. ஆகவே எரியும் மருந்தின் மீது தண்ணீரைப் பீய்ச்சுவதால் பயன் இல்லை என்பதுடன், சில வேளைகளில் தீமையும் உண்டு.

எனவே இத்தகைய இடத்தில் வீரர்களின் முதல் பணி எரியும் அறையை அணைப்பதன்று. இன்னும் எரியாத அறைகளைத் தண்ணீரால் குளிரச் செய்வதும், மக்களை அப்புறப்படுத்துவதும், காயமடைந்தோரை வெளிக்கொணர்வதுமே முன்னிற்கின்றன. உரிமம் பெற்ற ஆலைகளில் அறைகள் தனித்தனியே இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. ஓர் அறையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் மருந்தின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதே இதன் நோக்கம். வரம்பை மீறி மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் மருந்தோ முடிவுறாத பட்டாசோ பரப்பப்படும்போது அந்த இடைவெளி பொருளற்றுப் போகிறது. எந்த அறையில் எவ்வளவு சரக்கு உள்ளது என்பதை அறியாமலேயே வீரர்கள் உள்ளே செல்ல நேர்கிறது.

2012 செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். முதல் வெடிப்பின் ஓசை கேட்டு உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிவந்தவர்கள் பலர், பின்னர் நிகழ்ந்த பெரிய வெடிப்பில் சிக்கினர். 2021 பிப்ரவரி 12 இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஊர்தி வந்த உடனே ஏன் உள்ளே நுழையவில்லை என்று வீரர்களிடம் உறவினர்கள் கேட்பது இயல்பே. முதலிப்பட்டியில் நடந்தது அக்கேள்விக்கு விடையாகவும் அமைகிறது. அங்கே காத்திருத்தலும் பணியின் ஒரு பகுதி. பணியின் மிகக் கடினமான பகுதியும் அதுவே.

பஞ்சு, துணி, பழைய கட்டடங்கள்

இராசபாளையத்தின் பஞ்சுத் தீ இதற்கு நேர்மாறானது. அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியின் வெளிப்புறம் அணைந்த பின்னரும் உட்புறம் சுடரின்றிக் கனன்று கொண்டிருக்கும். பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பிரித்து, நனைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் சுடர் அடங்கிய கிடங்கில் விடியும் வரை வேலை நடப்பது இதனால்தான்.

நனைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு நீர்க்குழாயிலிருந்து நிமிடத்திற்கு 400 லிட்டர் தண்ணீர் பாய்வதாகக் கொண்டால், பத்து நிமிடங்களில் 4 டன் எடை கட்டடத்திற்குள் சேர்கிறது. தரையாக இருந்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும். மாடியில் பஞ்சோ துணியோ இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சி, எடை முழுவதையும் தளத்தின் மீது ஏற்றும். அதே நேரத்தில் தளத்தைத் தாங்கும் பகுதிகள் வலுவிழக்கின்றன. பழைய வீடுகளில் மர உத்திரங்கள் எரிந்து மெலிகின்றன. இரும்பு உத்திரங்கள் ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் தம் வலிமையில் பாதியை இழக்கின்றன.

2020 நவம்பர் 14 ஆம் நாள், தீபாவளியன்று அதிகாலையில், மதுரை விளக்குத்தூண் அருகே பழைய கட்டடம் ஒன்றிலிருந்த துணிக்கடையின் தீயை அணைத்துக் கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்ததில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்திலுள்ள, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கலச மகாலில் 2012 சனவரியில் ஏற்பட்ட தீயிலும் கூரை சரிந்தது. அதில் துறையைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். அலுவலர் பிரியா இரவிச்சந்திரன் கடும் தீக்காயம் அடைந்தார். உள்ளே எவரும் சிக்கியிருக்கவில்லை என்பது உறுதியானால், இத்தகைய கட்டடங்களில் வெளியிலிருந்தே அணைப்பது பாதுகாப்பானது. இதை உரிய நேரத்தில் முடிவு செய்யும் பொறுப்பு நிலைய அலுவலருடையது.

புகை

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. நைலான், மெத்தை நுரை போன்றவை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகிறது. இவற்றிலிருந்து காப்பது முதுகில் சுமக்கும் காற்று உருளையும் முகமூடியும் ஆகும். 300 பார் அழுத்தத்தில் நிரப்பிய 6 லிட்டர் உருளையில் சுமார் 1,800 லிட்டர் காற்று இருக்கும். கடும் உழைப்பில் அது அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் அளவே போதும். திரும்பி வரும் நேரமும் அதற்குள் அடங்கும்.

சுடர் அணைந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாம்பலைக் கிளறுவது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். நச்சு வாயுக்களும் நுண்துகள்களும் அப்போதும் காற்றில் மிகுந்திருக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலில் நேரும் தாக்கத்தை 2007 இல் 'புற்றுநோயை ஏற்படுத்தக் கூடும்' என்ற பிரிவில் வைத்திருந்தது. 2022 இல் அதை ஐயத்திற்கு இடமின்றிப் புற்றுநோயை ஏற்படுத்துவனவற்றின் பிரிவுக்கு மாற்றியது. இடைத்தோலியப் புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாக அது கண்டது. கரி படிந்த உடையிலிருந்து தோல் வழியாகவும் நச்சு உடலில் சேர்கிறது. ஆகவே பணி முடிந்தவுடன் கழுத்து, கைகள், முகம் ஆகியவற்றைக் கழுவுதல், அவ்வுடையை வீட்டிற்குக் கொண்டு செல்லாமல் நிலையத்திலேயே துவைத்தல் ஆகியவை அறிவுறுத்தப்படுகின்றன. இதற்கு மாற்று உடை ஒன்றாவது வேண்டும்.

இதயமும் வெப்பமும்

காப்புடையும் உருளையும் சேர்ந்து 20 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டவை. வெப்பத்தைத் தடுக்கும் உடை வியர்வை ஆவியாவதையும் தடுக்கிறது. உறக்கத்திலிருந்து மணியோசையில் எழுந்து, சில நிமிடங்களில் உச்ச உழைப்புக்குச் செல்வது இதயத்திற்குப் பெரும் சுமை. ஐக்கிய அமெரிக்காவில் 2007 இல் வெளியான ஆய்வொன்று, பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இதய நோயால் இறந்ததாகக் குறிப்பிட்டது. தீயை அணைப்பதில் செலவாகும் நேரம் பணிநேரத்தில் மிகச் சிறு பங்கே. ஆயினும் இதய நோய் இறப்புகளில் 32 விழுக்காடு அந்நேரத்தில் நிகழ்ந்திருந்தன. கோடையில் நிழலே சுடும் சாத்தூர் வட்டாரத்தில் தண்ணீர் அருந்தும் இடைவேளையும் ஆள் மாற்றமும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

கிணறுகள்

துறையின் பெயரில் மீட்பு என்னும் சொல் இருப்பதற்கு ஏற்ப, கிணற்றில் விழுந்த மாடு, வீட்டினுள் புகுந்த பாம்பு போன்றவற்றுக்கும் அழைப்புகள் வருகின்றன. நீர் வற்றிய பாழுங்கிணற்றில் ஆக்சிசன் குறைந்திருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கயிறும் காற்று உருளையும் இன்றி வீரர் எவரும் இறங்கக் கூடாது.

மனநலம்

சிற்றூர் நிலையங்களில் பணிபுரிவோர் மீட்கும் உடல் சில வேளைகளில் அவர்களுக்கு அறிமுகமானவருடையதாகவே இருக்கும். 94 குழந்தைகள் இறந்த 2004 சூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ போன்ற நிகழ்வுகளில் பணியாற்றியோருக்கு உறக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் காட்சிகள், குற்றவுணர்வு ஆகியவை நெடுநாள் நீடிக்கலாம். இரவுப்பணியும் உறக்கக் குறைவும் இவற்றை மிகுவிக்கும். தீபாவளி நாளில் துறையினருக்கு விடுப்புக் கிடைப்பது அரிது. நிகழ்வுக்குப் பின் குழுவாக அமர்ந்து பேசுவதும், தேவைப்படுவோருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் பிற நாட்டுத் துறைகளில் நடைமுறையில் உள்ளன.

பணியின்போது உயிர்நீத்தோர் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று இந்தியா முழுவதும் நினைவுகூரப்படுகின்றனர். 1944 இல் அந்நாளில் மும்பைத் துறைமுகத்தில் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றியிருந்த 'போர்ட் இசுடிகைன்' கப்பல் தீப்பற்றி வெடித்தபோது, அதை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தனர்.