ரெடிமேடா? அசெம்பிளா? மலை ஏறும் "கேமிங்" கம்ப்யூட்டர்!

வால்பாறை–

பையனுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். பாடமும் படிக்க வேண்டும், விளையாடவும் வேண்டும். அதாவது "கேமிங்" கம்ப்யூட்டர்!

"ரெடியா இருக்கிறதை வாங்கிட்டு வந்திடலாம்" என்பார் அப்பா.

"வேண்டாம்ப்பா! பார்ட்ஸ் வாங்கி நாமே மாட்டினா காசு மிச்சம்" என்பான் மகன்.

எது சரி? கோவைக்காரருக்கு இது காசுக் கணக்கு. வால்பாறைக்காரருக்கோ மலைக் கணக்கு!

விலை எப்படி?

அசெம்பிள் செய்தால் மலிவு என்பது பழைய பேச்சு. அது எப்போதும் பலிப்பதில்லை.

2021–ல் கிராபிக்ஸ் கார்டுக்குப் பஞ்சம் வந்தது. கார்டு தனியாகக் கிடைக்காமல், அதற்காகவே ரெடிமேட் வாங்கியவர்கள் உண்டு.

2025 கடைசியில் அடுத்த அடி! "ராம்" மெமரி விலை மளமளவென்று ஏறியது. காரணம், செயற்கை நுண்ணறிவு கம்ப்யூட்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான். "குரூசியல்" என்ற பெயரில் சில்லரை விற்பனை செய்துவந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

பழைய விலையில் வாங்கிய மெமரி போட்ட ரெடிமேட், இப்படிப்பட்ட நேரத்தில் மலிவாகவும் விழலாம். ரெண்டு விலையையும் எழுதி வாங்கி ஒப்பிடுவதே புத்திசாலித்தனம். ஜி.எஸ்.டி. ரெண்டுக்கும் 18 சதவீதம்தான்.

ரெடிமேடில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார்டு பெயரைப் பெரிதாகப் போடுவார்கள். பவர் சப்ளை என்ன கம்பெனி, எத்தனை வாட் என்று கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்க!

40 வளைவு

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோ மீட்டர். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள்!

பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். போர்டில் செருகிய இடத்தில் தொங்கிக்கொண்டே வரும். வளைவுக்கு வளைவு குலுங்கினால் செருகிய இடம் உடையலாம்.

கார்டைக் கழற்றித் தனி அட்டைப் பெட்டியில் கொண்டு வருவதே நல்லது. கழற்றக்கூடாது என்று ரெடிமேட் கம்பெனி சீல் வைத்திருந்தால், கடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

ரிப்பேர் வந்தால்?

இங்கேதான் சூட்சுமம்!

"வீட்டுக்கே வந்து சரி செய்வோம்" என்று ரெடிமேட் கம்பெனிகள் சொல்வது உண்டு. அது பின்கோடைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் 642127 என்ற எண்ணைக் கொடுத்து, "இங்கே வருவீங்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். வராவிட்டால், முழுப் பெட்டியும் மறுபடி மலை இறங்க வேண்டியதுதான்!

அசெம்பிள் என்றால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி பில், தனித்தனி கேரண்டி. பிராசசருக்குப் பொதுவாக 3 ஆண்டு. கெட்டுப்போன ஒரு பார்ட்டை மட்டும் பார்சலில் அனுப்பினால் போதும். ஆனால் கெட்டது எது என்று கண்டுபிடிக்க வீட்டில் ஆள் வேண்டுமே!

வாங்கியது எதுவானாலும் யு.பி.எஸ்.சும் எர்த்தும் கட்டாயம். தென்மேற்குப் பருவமழையில் ஈரம் ஊறும் சுவரிலிருந்து பெட்டியைத் தள்ளி வைக்க வேண்டும்.

முடிவு என்ன?

இன்று உலகம் முழுக்க ரெடிமேட் விற்கும் டெல் கம்பெனியே, 1984–ல் அமெரிக்காவின் டெக்சாசில் ஒரு கல்லூரி மாணவர் தன் விடுதி அறையில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் மாட்டி விற்று ஆரம்பித்ததுதான்.

ஆகவே, பையன் ஸ்குரு டிரைவர் பிடிக்கத் தயார் என்றால் அசெம்பிள். யாரும் திறந்து பார்க்கத் தயாரில்லை, கம்பெனி ஆள் மலை ஏறுவதாக எழுதிக் கொடுக்கிறார் என்றால் ரெடிமேட்.

ரெண்டும் இல்லையா? அவசரப்படாதீங்க. பணம் பையிலேயே இருக்கட்டும்!