பாசி மேய யாரை விடலாம்?

கடல்நீர் மீன்தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் அநேகமாக எல்லார் வீட்டிலும் இது நடக்கும். வெள்ளை மணல்மேல் பழுப்பாகப் படலம் விழும். கண்ணாடியில் விரலை இழுத்தால் தடம் தெரியும். அது டயாட்டம் என்கிற நுண்பாசி. நீரில் கரைந்துள்ள சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்கிறது. பதறிப்போய்க் கடைக்கு ஓடினால், "கிளீனப் குரூ போடுங்க சார், எல்லாத்தையும் தின்னுரும்" என்பார்கள். நத்தை இத்தனை, துறவி நண்டு இத்தனை, இறால் ரெண்டு என்று லிட்டர் கணக்குப் பார்த்துக் கட்டித் தருவார்கள். அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. நூறு லிட்டர் தொட்டியில் பாசியே இல்லாமலும் இருக்கலாம், காடாக வளர்ந்தும் கிடக்கலாம். உள்ளே தின்ன என்ன இருக்கிறது, அதைத் தின்னும் வாய் எது என்றுதான் பார்க்க வேண்டும்.

மேய்கிற உயிர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைக் கரீபியக் கடலில் கண்கூடாகப் பார்த்தார்கள். நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட டயடெமா என்ற கடல் முள்ளெலி அங்கே பவளப்பாறைகளில் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்ந்தது. 1983 தொடக்கத்தில் பனாமா கரையோரம் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. ஓராண்டு சொச்சத்தில் நோய் கரீபியன் முழுக்கப் பரவி, பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன. ஜமைக்காவில் 1970களின் பிற்பகுதியில் பாறைப்பரப்பில் பாதியை மூடியிருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியது; பாசி தொண்ணூறைத் தாண்டியது. 1980-இல் அடித்த ஆலன் புயல் பவளங்களை முன்பே நொறுக்கியிருந்தது. பாசி தின்னும் மீன்களையும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வலைபோட்டுத் தீர்த்திருந்தார்கள். மிச்சமிருந்தது முள்ளெலி ஒன்றுதான். அதுவும் போனதும் பாசியைத் தடுக்க ஆளில்லை. 2022-இல் மறுபடி ஒரு சாவு அலை. இம்முறை காரணம் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்று கண்டுபிடித்தார்கள்.

ஒரே இனத்தை நம்பியதால் வந்த வினை அது. வீட்டுத் தொட்டிக்கும் அதே விதிதான். ஒரே வகை நத்தையில் முப்பது வாங்குவதைவிட, நாலு வகையில் இரண்டிரண்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

கண்ணாடிக்கும் பாறைக்கும் என் முதல் தேர்வு ட்ரோகஸ் நத்தை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து டார்ச் அடித்து அதன் வாயைப் பாருங்கள். உதடு விரியும், உள்ளிருந்து அரம்போன்ற நாடா ஒன்று வந்து கண்ணாடியைச் சுரண்டிவிட்டு உள்ளே போகும். நத்தை தலையை இடமும் வலமும் ஆட்டியபடி நகர்வதால், பாசிப்படலத்தில் வளைந்து வளைந்து சுத்தமான கோடு விழும். அந்த நாடாவுக்கு ராடுலா என்று பெயர். வரிசை வரிசையாகப் பற்கள். முன்வரிசை தேயத் தேயப் பின்னாலிருந்து புது வரிசை வந்துகொண்டே இருக்கும். நத்தைக்கு உறவான லிம்பெட்டின் பல்லில் கோயெதைட் என்கிற இரும்புத்தாது இழைகள் உண்டு. அதுவரை அறிந்த உயிர்ப்பொருள்களில் மிக வலுவானது அந்தப் பல்தான் என்று 2015-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

அஸ்ட்ரேயா நத்தையும் நன்றாக மேயும். ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் அதனால் பெரும்பாலும் திரும்ப முடியாது. நாம் பார்த்துப் புரட்டிவிட வேண்டும். ட்ரோகஸ் தானே புரண்டுகொள்ளும். மார்கரிட்டா என்ற பெயரில் விற்பது குளிர்கடல் நத்தை. 25, 26 டிகிரி வெப்பத்தில் அது சீக்கிரமே செத்துப்போகும். அதை வாங்கவே வேண்டாம்.

நஸாரியஸ் நத்தை பாசியைத் தொடாது. மணலுக்குள் புதைந்து, மூச்சுக்குழல் நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறால் துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். வாடை எட்டியதும் அங்கங்கே மணல் வெடித்து எல்லாம் எழுந்து வரும், குழலை ஆட்டித் திசை பார்த்தபடி. மீன் விட்ட எச்சத்தையும் கண்ணில் படாமல் இறந்து கிடக்கும் உயிரையும் தின்று தீர்ப்பது இதன் வேலை. பாசிக்கென்று இதை வாங்கினால் பணம் வீண்.

துறவி நண்டு சுறுசுறுப்பானது. ஆனால் வளர வளர அதற்குப் பெரிய கூடு வேண்டும். கிடைக்காவிட்டால் உயிரோடிருக்கும் நத்தையைக் கொன்றுகூட ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளும். வெற்று ஓடுகள் நாலைந்து போட்டு வையுங்கள். மணல் கிளறும் நட்சத்திர மீனை வீட்டுத் தொட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மணலில் உள்ள சிற்றுயிர்களையெல்லாம் தின்று முடித்துவிட்டு, சில மாதங்களில் பட்டினியால் சாகும்.

சிவப்பாக வழவழவென்று படர்வது சயனோபாக்டீரியா. அதைத் தின்ன அநேகமாக எதுவும் வராது. முடிபோல நீண்டுவிட்ட பாசியையும் சின்ன நத்தைகள் தீண்டாது. முதலில் கையால் பிடுங்குங்கள். பிறகு முளைப்பதை அவை பார்த்துக்கொள்ளும். நத்தை தின்றது கழிவாக அதே தண்ணீருக்குத்தான் திரும்புகிறது என்பதும் நினைவிருக்கட்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியேற வேண்டுமானால் தண்ணீர் மாற்ற வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும்.

நத்தை, நண்டு போன்ற இந்த உயிர்களில் பெரும்பாலானவற்றால் தம் உடலின் உப்பளவைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள முடியாது. சுற்றியுள்ள நீரில் எவ்வளவு உப்போ உடலிலும் அவ்வளவுதான். பையைத் திறந்து அப்படியே தொட்டியில் கொட்டினால் அதிர்ச்சியில் சாகும். சொட்டுச் சொட்டாகத் தொட்டிநீரைக் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்கி விடுங்கள். மீனின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றிய தொட்டியில் நத்தை, நண்டு, இறால் எதுவும் பிழைக்காது; தாமிரம் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிற்பாடும் கசியும்.

செலவில்லாமல் கரையிலேயே பொறுக்கிக்கொள்ளலாமே என்று ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் கேட்கலாம். கூம்பு வடிவ நத்தைகளைக் கையில் எடுக்காதீர்கள். நச்சு ஈட்டி எய்து மீன் பிடிப்பவை அவற்றில் உண்டு. சில இனங்களின் நஞ்சு மனிதரையும் கொல்லும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம். மணலைத் தின்று சுத்தம் செய்கிற கடல் அட்டையை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பவளத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு. எந்தக் கடையில் எந்த விலைக்குக் கொடுத்தாலும் இவை இரண்டையும் வாங்காதீர்கள்.